பூஜை மேசையில் ஒரு கர்னல்

"கர்னல்தானே சார்? ரெண்டு மணி நேர வேலை" என்று மீட்டிங்கில் சொன்னபோது இசக்கிக்குத் தன் குரல் தனக்கே பிடித்துப்போயிற்று. அப்படிப் பிடித்துப்போன நாட்களிலெல்லாம் அவன் எங்காவது மாட்டியிருக்கிறான்.

ஒரகடத்தில் லாரிகளுக்கு வயர்க்கட்டு செய்யும் தொழிற்சாலை அது. கம்ப்யூட்டர் பழுதென்றால் கூப்பிட அங்கே இருந்த ஒரே ஆள் அவன். மூன்றாம் லைன் கடைசியில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் உண்டு. ஸ்கேனரைக் காட்டினால் கட்டைச் சோதிக்கும், சரியென்றால் லேபிள் அடிக்கும். லேபிள் இல்லாத கட்டு வாசலைத் தாண்டாது.

அதற்குத்தான் வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. பிராசசரிலேயே ஓர் ஓட்டை இருக்கிறதாம். சில்லைப் பிரித்துத் தைக்க முடியாது, கம்ப்யூட்டரின் சாமான்களையெல்லாம் உள்ளிருந்து மேய்க்கும் கர்னல் என்ற மென்பொருளில்தான் ஒட்டுப்போட வேண்டும். கூடவே ஒரு புதிய சோதனைப் பெட்டியும் அனுப்பியிருந்தார்கள். பழைய கர்னலோ அந்தப் பெட்டியை யாரோ எவரோ என்று பார்த்தது. வெள்ளிக்கிழமை காலை ஆடிட்டர் வரும்போது எல்லாம் ஓட வேண்டும். ஓடாவிட்டால் புதிய ஆர்டர் மறைமலை நகர் ஆலைக்குப் போய்விடும், மூன்றாம் லைனின் பதினெட்டுப் பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

லைன் நிற்பது புதன்கிழமை மட்டும். அன்று ஆயுத பூஜை. மறுநாள் விடுமுறை. பூஜை போட்ட மிஷினை வெள்ளிக்கிழமை முதல் ஷிஃப்ட் வரைக்கும் யாரும் தொடக் கூடாது என்பது அங்கே முதலாளிக்கும் பொருந்தும் சட்டம். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் கற்பூரம் காட்டிவிடுவார்கள்.

பூஜைக்கு இன்சார்ஜ் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் அந்தோணிராஜ். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர். ஆயுத பூஜை என்றால் மட்டும் அவரிடம் யாரும் வாலாட்ட முடியாது. காலை ஒன்பதுக்கு லைன் நின்றதும் கம்ப்யூட்டரை அணைத்து, காற்றுக் குழாயால் ஊதித் தள்ளிவிட்டு, "இந்தாபா, பளபளன்னு கீது, எடுத்துக்கோ" என்று ஒப்படைத்தார்.

உலகத்துச் சாமான்களுக்கெல்லாம் சேர்த்து முழுக் கர்னலைக் கட்ட அந்தக் கிழட்டு மிஷினுக்கு நாலு மணி நேரம் ஆகும். இசக்கியிடம் ஒரு குறுக்கு வழி இருந்தது. இந்த நிமிடம் என்னென்ன சாமான் மாட்டியிருக்கிறதோ அவற்றுக்கு மட்டும் கட்டு என்று ஒரே கட்டளை. புதிய பெட்டியைத் தன் கையாலேயே பட்டியலில் சேர்த்தான். பத்தே முக்காலுக்குப் புதிய கர்னல் தயார். மறுபடி ஏற்றினான். பதினோரு விநாடியில் எழுந்து நின்றது! புதிய பெட்டியில் பச்சை விளக்கு!

"அக்கா! பாத்தீங்களா! பச்ச!"

லைனின் டெஸ்டிங் ஆபரேட்டர் ராஜம்மா கோலப்பொடிக் கையோடு ஓடி வந்தாள். "சூப்பர் தம்பி! ஒரு கட்டு போட்டுப் பாக்கட்டுமா?" என்று ஸ்கேனரைத் தேடியவள் நின்றாள். "இன்னாது, ஸ்கேனரக் காணோம்? பிரின்டரும் இல்ல?"

இசக்கி மெல்லத் திரும்பினான். வாழைக்கன்றுகளுக்கு நடுவே பூஜை மேசை. அதன்மேல் ஸ்பேனர், டிரில், பொரி, கடலை, பூசணிக்காய். பக்கத்திலேயே சந்தனப் பொட்டும் மல்லிகைச் சரமுமாக, கல்யாணப் பெண்போல ஸ்கேனரும் லேபிள் பிரின்டரும் வீற்றிருந்தன.

ஆக, மொட்டைக் கம்ப்யூட்டருக்கு அளவெடுத்துக் கர்னல் தைத்திருக்கிறான். அதில் பிரின்டருக்கும் இடமில்லை, ஸ்கேனருக்கும் இடமில்லை. கையால் சேர்க்கலாமென்றால் ஸ்கேனருக்குள் என்ன சிப் இருக்கிறது என்பது கடவுளுக்கும் தைவான்காரனுக்கும்தான் வெளிச்சம்.

"அந்தோணி அண்ணே, அது ரெண்டையும் குடுங்க. மறுபடி மாட்டிக் கட்டணும்."

"பூஜைல வச்சத எடுக்கறதா? விளையாடாத. கற்பூரம் காட்டாம ஒரு ஸ்குரூ நகராது."

"காட்டிட்டா மிஷினத் தொடக் கூடாதும்பீய. பதினெட்டுப் பேரு வேலைண்ணே!"

அந்தோணிராஜ் முகம் வாடியது. ஆனால் கை நகரவில்லை. மணி பதினொன்று ஐந்து.

ராஜம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன், அத எடுக்கத்தானே கூடாது? இதக் கொண்டாந்து அங்க வச்சா?"

இசக்கி அதற்குள் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். மூன்று பேரும் கம்ப்யூட்டரைத் தூக்கினார்கள். மானிட்டர், கீபோர்டு, புதிய பெட்டி எல்லாம் பொரித் தட்டைத் தள்ளிக்கொண்டு மேசையில் ஏறின. அந்தோணிராஜே ஓடிப்போய் எக்ஸ்டென்ஷன் கேபிள் இழுத்தார். இழுத்த கையோடு சிபியுவுக்கும் ஒரு பொட்டு வைத்தார். பழைய கர்னலை ஏற்றி, மாலையும் கழுத்துமாக இருந்த பிரின்டரையும் ஸ்கேனரையும் மாட்டி, இசக்கி மறுபடி அதே கட்டளையைத் தட்டினான். கட்டியது அப்படியே இருக்க, விட்டுப்போனதை மட்டும் சேர்த்தால் போதும். திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின.

பதினொன்று நாற்பது. ஆலை முழுக்கக் கூடிவிட்டது. மேனேஜர் வாட்சைப் பார்த்தார். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தோணிராஜ் கற்பூரத்தை ஏற்றாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு வேண்டுதலை நீட்டினார். சரஸ்வதி, பிள்ளையார், முருகன், எல்லையம்மன். தெரிந்த பெயர்கள் தீர்ந்துபோயின. இசக்கி இரண்டு விரலைக் காட்டினான், இரண்டு நிமிடம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "உழைக்கிற எங்களுக்காக சூசையப்பரே..." என்று ஆரம்பித்தார். பின்வரிசையில் யாரோ 'ஆமென்' கூடச் சொன்னார்கள்.

பதினொன்று ஐம்பத்திரண்டு. மறுபடி ஏற்றினான். பச்சை விளக்கு. ராஜம்மா ஒரு வயர்க்கட்டைக் கொண்டுவந்து, மல்லிகைச் சரத்தோடு உட்கார்ந்திருந்த ஸ்கேனருக்கு முன்னால் காட்டினாள். 'பீப்'! வயர் முனைகளை மாட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. பொட்டு வைத்த பிரின்டர் கரகரவென்று இருமி, ஒரு லேபிளைத் துப்பியது.

PASS.

கைதட்டலில் பொரித் தட்டே அதிர்ந்தது. அந்தோணிராஜ் கற்பூரத்தைக் கொளுத்தி, முதல் சுற்றை லேபிள் பிரின்டருக்குக் காட்டினார். இசக்கி பிரின்டருக்கு நேராகக் கீழே விழுந்து கும்பிட்டான். பக்தி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், அவனும் திருத்தவில்லை.

ராஜம்மா கும்பிடக்கூட நிற்கவில்லை. தூணோரம் போய், லைன் நின்றதும் வீட்டுக்குப் போய்விட்ட மூன்றாம் லைன் தோழிக்குப் போன் போட்டிருந்தாள்.

"அடியே, வேற கம்பெனிக்கு எழுதிக் குடுத்தியே, அதக் கிழிச்சுப் போடு. வெள்ளிக்கெழம ஆறு மணி பஸ்ஸு. மத்தவளுங்களுக்கும் நீயே சொல்லிடு, எனக்கு இங்க பொரி தீந்துடும்."