கொக்கி வைத்த மேட்

வண்டித் தரையில் போடும் சாம்பல் நிறக் கம்பள மேட் ஒன்றை உதிரிபாகக் கடைக்காரன் லெஸ் கடை மேசைமேல் விரித்ததும் என் மகன் கிரெய்க் அதைத் தடவிப் பார்த்து, "இது போதும்மா, பார்க்க நல்லா இருக்கு" என்றான். பார்க்க நன்றாக இருக்க வேண்டியது விற்கப்போகிற வண்டிக்கு. என் வண்டியை நான் விற்கவில்லை என்று மூன்று வாரமாக அவனிடம் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து ஃபோர் வீல் டிரைவ், நாலு லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடியது. செம்மண் ஏறாத இடுக்கு அதில் ஒன்று கிடையாது. அதற்குப் போய் சாம்பல் நிறக் கம்பளமாம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மதியம், டல்காரா ஊர் மதுக்கடையின் முகப்புத் தூணில் வண்டியைக் கொண்டுபோய் முட்டிவிட்டேன். ஊரே பார்த்தது. ஊர் என்றால் பதினோரு பேர், ஆனால் பதினோரு பேரும் அன்றைக்கு அங்கேதான் குடித்துக்கொண்டிருந்தார்கள். வெர்னா பிரேக்கை விட்டுவிட்டு வேறெதையோ மிதித்துவிட்டாள், எழுபத்து நாலு வயதாகிறதே, பாவம் என்று என்னைப் பற்றிச் சொன்னார்கள். அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேட் வழுக்கிப் பிரேக்குக்கு அடியில் சுருண்டுகொண்டது என்றேன். தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. சுரங்கத்தில் கழித்துப்போட்ட ரப்பர் பட்டையை வெட்டித் தரையில் போட்டிருந்தேன். கோடையில் அது செருப்பைத் தாண்டிச் சுடும். அதனால் பழைய வரவேற்பறைக் கம்பளத்தில் ஒரு துண்டை வெட்டி அதன்மேல் போட்டேன். இந்தப் பக்கத்து வண்டிகளில் பாதி அப்படித்தான் ஓடுகின்றன.

கிரெய்க் நம்பவில்லை. ஊரில் டாக்டர் கிடையாது, வியாழக்கிழமை ஒருவர் விமானத்தில் வருகிறார். நான் வண்டி ஓட்டலாமா கூடாதா என்று எழுதித் தரப்போவது அவர். அவரிடம் முன்கூட்டியே பேசப்போவதாகச் சொல்லித்தான் கிரெய்க் லீவு போட்டு வந்திருக்கிறான். என் வீடு ஊரிலிருந்து எண்பது கிலோமீட்டர். ஓட்டக்கூடாது என்று எழுதிவிட்டால் அங்கே நான் இருக்க முடியாது. ராக்ஹாம்ப்டன் நகரத்தில் அவன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறான். போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் இருமுவது சுவர் வழியாகக் கேட்டது.

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. மறுநாள் காலை ஷெட்டில் வைத்து அந்தக் கம்பளத் துண்டைப் பழையபடி போட்டு, பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தேன். இருபது தடவை. ஒரே ஒரு தடவைதான் சுருண்டது. அந்த ஒன்றுதானா சனிக்கிழமை நடந்தது? எனக்கே தெரியாது. தெரியாததை ஒத்துக்கொண்டு ஃபிளாட்டுக்குப் போய் உட்கார மாட்டேன், அவ்வளவுதான்.

"ரப்பர்ல காட்டு லெஸ்" என்றேன்.

உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வந்தான். பார்த்ததுமே திருப்பித் தள்ளினேன். "இது ஆட்டோமேட்டிக்குக்கு வெட்டினது. கிளட்ச் எங்க போகும்? இன்னொரு தூணை இடிக்கச் சொல்றியா?"

"கம்ப்யூட்டர்ல எல்லாம் ஒண்ணுன்னுதான் போட்டிருக்கு."

"உன் கம்ப்யூட்டர் வந்து ஓட்டட்டும்."

லெஸ் சிரித்துக்கொண்டே ஏணி ஏறி, தூசி படிந்த ஒரு பெட்டியை இறக்கினான். கறுப்பு ரப்பர், தாம்பாளம் மாதிரி ஓரம் உயர்ந்தது. மூன்று பெடலுக்கும் இடம் விட்டு, ஃபோர் வீல் டிரைவ் போடுகிற குட்டி கியருக்கு ஓட்டை போட்டு வெட்டியிருந்தது. கூடவே நாலு கொக்கி.

"தரையில திருகி மாட்டிட்டா காளை இழுத்தாலும் நகராது" என்றவன் கண்ணைச் சிமிட்டினான். "ஆனா ஒண்ணு வெர்னா. அப்புறம் எதையாச்சும் இடிச்சா, மேட் மேல பழி போட முடியாது."

கிரெய்க் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்குச் சுருக்கென்றது. கம்பளம் இருக்கிறவரை எனக்கு ஒரு சாக்கும் இருக்கும். கொக்கியை மாட்டிவிட்டால் மிச்சம் இருக்கப்போவது என் கால் மட்டும்தான். கை ஒரு நிமிஷம் பெட்டிமேலேயே நின்றது.

"குடு அதை" என்றேன்.

கடைக்கு வெளியே வெயிலில் முழங்காலிட்டு நானே மாட்டினேன். பழைய கம்பளத்தோடு நாய் முடியும் நாலு பீர் மூடியும் வந்தன. கிரெய்க் இரண்டு தடவை கை நீட்டினான். இரண்டு தடவையும் தட்டிவிட்டேன். அவன் உட்காரும் பக்கத்து மேட்டையும் நானே மாட்டி முடித்து எழுந்தபோது என் முட்டி இரண்டும் கத்தின. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"ஏறு" என்றேன்.

"எங்கம்மா?"

"அந்தத் தூணுக்கு."

"அம்மா, விளையாடாதே."

"டாக்டர்கிட்ட என்ன சொல்லணுமோ, உக்காந்து பார்த்துட்டுச் சொல்லு. பயமா இருந்தா நடந்து வா."

ஏறினான். சீட் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். தெருவைக் கடந்து திரும்பியதும் மதுக்கடை வாசலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மதுக்கடைக்காரன் நோயல் வாசல் கைப்பிடிக் கம்பிமேல் வைத்திருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு, நாற்காலியையும் இழுத்துக்கொண்டு பின்னால் போனான். புதுத் தூண் இன்னும் வண்ணம் அடிக்காமல் வெளுப்பாக நின்றது. வண்டியை நேராக அதைப் பார்த்தே விட்டேன். மெதுவாகவும் போகவில்லை. பத்தடி. ஐந்தடி. கிளட்ச், பிரேக். வண்டி குலுங்காமல் நின்றது.

யாரும் கை தட்டவில்லை. நோயல் மட்டும் குனிந்து, வண்டியின் முன் கம்பிக்கும் தூணுக்கும் நடுவே விரலை விரித்து அளந்தான். "ஒரு சாண் இருக்கு" என்று உள்ளே பார்த்துக் கத்தினான்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கிளட்ச்சின்மேல் என் இடது கால் லேசாக நடுங்கியது, எடுக்காமல் அழுத்தியே வைத்திருந்தேன். கிரெய்க் அதைப் பார்த்துவிட்டானா என்று திரும்பினேன். அவன் முகம் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே, புது மேட்டின்மேல், அவனுடைய வலது பூட்ஸ் முழு பலத்தோடு அழுந்திக் கிடந்தது. அங்கே பிரேக் கிடையாது.