பாஸ் என்றால் ஹுமைரா

காலை ஆட்டாதே என்று எங்கள் அணியில் ஆடும் சாந்தமேரி மூன்று முறை சொல்லிவிட்டாள். என் கால் கேட்டால்தானே. நாலு மணி ஐவர் கால்பந்து அரையிறுதிக்கு மூன்றரைக்கே பூச்சோங் ஃபுட்சால் கொட்டகைக்கு வந்து, கேட்டையும் காலி நாற்காலிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாதம் இங்கே நிற்க இடமில்லை. இன்றைக்கு எதிரணிப் பெண்களின் அம்மாக்கள் நாலு பேர்.

காரணம் ஊருக்கே தெரியும். எங்கள் அணியின் நட்சத்திரம் ஹுமைரா ஆடவில்லை. போன ஆட்டத்தில் கணுக்கால் முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா தெருவில் அவள் அத்தாவின் துணிக்கடையில் உட்கார்ந்திருக்கிறாள்.

லீக்கை நடத்தும் ஹென்றி அங்கிள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏமி, ஸ்பான்சர் ஆள் அனுப்பியிருக்காங்க லா. கூட்டம் இல்லேன்னா அடுத்த வருஷம் பெண்கள் பிரிவு கிடையாது. பாஸ் சும்மா வந்து நின்னாலும் போதும். கூப்பிட்டுப் பாரேன்."

"நாங்க அஞ்சு பேர் ஆடுறோம் அங்கிள்."

"தெரியும்மா. அஞ்சு பேரையும் பாக்க யாரு வரா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மனுஷன் பொய் சொல்லவில்லை. ரோஷத்தை மென்று விழுங்கிவிட்டு, 'வா, சும்மா நில்லு' என்று அவளுக்கு மெசேஜ் போட்டேன்.

பாஸ் என்பது ஹுமைராவின் பட்டப்பெயர். சின்ன வயதிலிருந்தே கடையில் நின்று, "வாங்க பாஸ், பாருங்க பாஸ்" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் அழைத்துப் பழகியவள், ஆட்டத்தில் நடுவரையும் பாஸ் என்றாள். நாங்கள் அதை அவளுக்கே சூட்டிவிட்டோம். வந்தது வினை. பந்தைக் கொடு என்பதற்கும் பாஸ், அவளுக்கும் பாஸ். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். மூச்சிரைக்க ஓடும்போது காதிலும் ஒரே மாதிரிதான் விழுகிறது. யார் எங்கிருந்து கத்தினாலும் பந்து வலது மூலைக்குப் போகும். அங்கே அவள் இருப்பாள், கோல் விழும். நான்கு வருடம் இப்படியே ஜெயித்தோம். ஜெயிக்கும்போது யார் குறை சொல்வார்கள்?

"இன்னிக்கு அந்த வார்த்தையே வாயில வரக்கூடாது," என்றேன் நால்வரிடமும். "பந்து வேணும்னா 'சினி'ன்னு கத்துங்க." இங்கே என்று மலாயில் கூப்பிடுவதில் யாருக்கும் குழப்பமில்லை.

வேலை செய்தது. முதல் பாதியில் நானே ஒரு கோல் போட்டேன். நான்கு வருடத்தில் என் மூன்றாவது கோல். கைதட்டியது சாந்தமேரி மட்டும். ஸ்பான்சர் அனுப்பிய மலர்விழி என்ற பெண் ஃபோனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. அப்புறம் எதிரணியும் ஒன்று போட்டது.

இரண்டாம் பாதியில் கேட் பக்கம் சலசலப்பு. ஊன்றுகோலோடு ஹுமைரா வந்தாள். வருவதாக அவள் இன்ஸ்டாவில் போட்டிருக்கிறாள், பின்னாலேயே கூட்டம். பழக்கதோஷம், நேராக வலது மூலைக்குப் போய் கோட்டுக்கு வெளியே நின்றாள்.

இரண்டு நிமிடம் பாக்கி. எதிரணிக் கீப்பர் வழுக்கி விழுந்தாள். பந்து என் காலில், கோல் திறந்து கிடக்கிறது. இடது பக்கம் ஓடி வந்த சாந்தமேரி அவசரத்தில் எல்லாவற்றையும் மறந்து கத்தினாள்.

"பாஸ்!"

என் கால் என்னைக் கேட்கவில்லை. பந்து வலது மூலைக்கு உருண்டு, ஆளில்லாத இடத்தைத் தாண்டி, கோட்டையும் தாண்டிப் போனது. ஹுமைரா ஊன்றுகோலில் சாய்ந்தபடி நல்ல காலால் அதை நிறுத்தி, மேலே தட்டி, கையில் பிடித்தாள்.

கொட்டகை அதிர்ந்தது. எல்லா ஃபோனும் அவள் பக்கம் திரும்பின. அந்தச் சத்தத்திலேயே எதிரணி அவளிடமிருந்து பந்தை வாங்கிக் களத்துக்குள் உதைத்து, நாங்கள் வாய் பிளந்து நிற்க, கோல் போட்டது. அதை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

தோற்றோம். மலர்விழி சிரித்துக்கொண்டே ஹென்றி அங்கிளிடம் வந்தாள். "அடுத்த வருஷமும் நாங்கதான் அங்கிள். அந்த கிளிப் ஒண்ணு போதும்."

ஹுமைரா என்னிடம் நொண்டி வந்தாள். "ஏன்டி அடிக்கல?"

"பாஸ்னு கேட்டுச்சு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கால் இனிமே ஆடாது ஏமி. டாக்டர் சொல்லிட்டாரு. அத்தாவுக்கு மட்டும்தான் தெரியும்," என்றாள்.

அவளுக்காக வருந்துவதா, லீக்குக்காகவா, எனக்காகவா, தெரியவில்லை.

"பாஸ்," என்று ஹென்றி அங்கிள் கூப்பிட்டார். "அடுத்த வருஷ போஸ்டருக்கு ஒரு போட்டோ. இடுப்புக்கு மேலதான் எடுப்பேன்."

ஹுமைரா என்னைப் பார்த்தாள். ஊன்றுகோலை நீட்டினாள். நான் வாங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.