மிதுன் வண்டி

எங்கள் அப்பா சுப்பண்ணனுக்கு ஒரு வியாதி உண்டு. கடையில் எதைக் கண்டாலும், "இதைப் போயி வாங்கறதா? நம்ம பட்டறையில அடிச்சுப்போட்டாப் போகுது" என்பார். சூலூரில் பம்பு செட்டுக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறை அவருடையது. வீட்டுக் கட்டில், ஊஞ்சல், கோழிக்கூண்டு எல்லாமே பட்டறைச் சரக்கு. எதுவும் உடையாது. எதையும் ஓர் ஆளால் நகர்த்தவும் முடியாது. நான் அவருடைய மூத்த மகள் நாச்சியம்மாள். என்னைக் கட்டிக் கொடுத்தது இரண்டு தெரு தள்ளி, அதனால் இந்தக் கூத்தையெல்லாம் கண்ணால் பார்க்கும் பாக்கியம் எனக்கு.

தொண்ணூற்றாறில் தம்பி தங்கமுத்து மஸ்கட்டில் இருந்தான். பெண்டாட்டி சண்முகப்பிரியாவுக்கும், எட்டு மாதப் பையன் மிதுனுக்கும் விசா வந்துவிட்டது. கோயமுத்தூரில் ஏறி, பம்பாயில் இறங்கி, அங்கே வேறு விமானம் மாற வேண்டும். அவனுக்கு லீவு இல்லை, பிரியா தனியாகத்தான் போக வேண்டும். அவளோ திருப்பூருக்குக்கூடத் தனியாக பஸ் ஏறாதவள்.

அம்மா சென்னியம்மாள் பிடித்துக்கொண்டாள். "பையன் இங்கயே இருக்கட்டும். நீ போயி ஊட்டை ஒழுங்கு பண்ணு. அடுத்த வருசம் நாங்களே கொண்டாந்து உடறோம்."

அம்மா ஈரோட்டைத் தாண்டியதில்லை. மஸ்கட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறாளாம்! பிரியா அன்று முழுக்கப் பையனை இடுப்பை விட்டு இறக்கவுமில்லை, சோறு தின்னவுமில்லை.

தங்கமுத்து போனில் ஒரு வழி சொன்னான். மடக்குகிற மாதிரி சின்னக் குழந்தை வண்டி ஒன்று வாங்கினால், விமானத்தின் வாசல்வரை தள்ளிக்கொண்டே போகலாம், அங்கே மடக்கிக் கொடுத்துவிடலாம் என்றான். அதைக் கேட்டு அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"பையனை ஒரு கையில வெச்சுக்கிட்டு, இன்னொரு கையில வண்டிய மடக்கிக் காட்டட்டும். காட்டுனா கூட்டிட்டுப் போகட்டும். இல்லீனா பையன் இங்க."

நானும் பிரியாவும் பையனைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூர் போனோம். ஒப்பணக்காரத் தெருவில் காட்டியதெல்லாம் தேர். ஒன்றுக்குக் கூரை, ஒன்றுக்குக் கொசுவலை, ஒன்றுக்கு முன்னால் மணி. "ஏனுங்க, இதுல கொழந்த போகுமா, பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம் போகுமா?" என்று கேட்டேன். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் டவுன்ஹால் பக்கம் பீர் முகம்மது கடை. வெளிநாட்டுச் சாமான் விற்கிறவர். பரணிலிருந்து குடைபோல் மடங்கிய ஒன்றை இறக்கினார். அலுமினியக் குழாய், நீலத் துணி, தோளில் மாட்ட ஒரு பட்டை. காலால் தாழைத் தட்டி, கையால் ஓர் இழுப்பு இழுத்தால் மடங்கியது.

"ரொம்ப லேசா இருக்குதுங்களே?" என்றேன்.

"ரோட்டுக்கு வேணும்னா கனமாத் தரலாமுங்க. தூக்கிக்கிட்டு நடக்கறவங்களுக்குக் கனம் எதுக்குங்க?"

பிரியா முதல் தடவை விரலை நசுக்கிக்கொண்டாள். அப்புறம் பையனை வைத்துக்கொண்டே மடக்கினாள். மறுபடி விரித்தாள், மறுபடி மடக்கினாள். விசா வந்த நாளிலிருந்து அவள் சிரித்தது அன்றுதான்.

வீட்டில் அப்பா அதை ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்தார். "ஏன் அம்மணி, இது வண்டியா அப்பளமா? பம்பாயில ஒடைஞ்சுபோச்சுன்னா யாரூட்டுக்குப் போவே? குடு, இதே மாதிரி கெட்டியா அடிச்சுத் தாரேன்." நான் கத்தினேன். கேட்கிற ஆளா அவர்? பட்டறைக்குக் கொண்டுபோய்த் திருகு திருகாகக் கழற்றிப்போட்டார்.

பயணத்துக்கு நாலு நாள் முன்னால் அவருடைய வண்டி வந்தது. பொய் சொல்லக்கூடாது, அழகான வண்டி. இரும்புக் குழாய், பேரிங் வைத்த சக்கரம், பம்புக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்ட். தொட்டால் ஓடியது. ஆனால் பட்டறை வேனிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

வாசலில் வைத்துப் பரீட்சை. பிரியா பையனை இடுக்கிக்கொண்டு தாழைத் தட்டினாள். அசையவில்லை. குனிந்து கையால் இழுத்தாள், பையன் இடுப்பிலிருந்து வழுக்கினான். பதறிப்போய் அவனைப் பிடித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அதுக்குத்தான் சொன்னேன். குடு பையனை" என்று அம்மா வாங்கிக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவின் கையிலிருந்து மிதுனைப் பிடுங்கி அப்பாவின் தோளில் போட்டேன். "எங்க, நீங்க மடக்குங்க பாக்கலாம்!"

அப்பா தாழைத் தொடவே இல்லை. "ஒத்தக் கையில ஆகாது நாச்சி."

"கடை வண்டியில ஆச்சே?"

"அதுல ஒரு தாழு. இதுல ரெண்டு பக்கமும் வெச்சிருக்கறேன்."

"எதுக்குங்கப்பா?"

மிதுன் அவருடைய சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். அப்பா அதைத் தடுக்கவில்லை. "ரெண்டு கை வேணும்னுதான் வெச்சேன்" என்றார்.

பட்டறையில் ஒரு மயிரிழை பிசகினாலும் தூக்கிப் போட்டு உடைக்கிற மனுஷன். ஆகாத சாமான் ஒன்றை வேண்டுமென்றே செய்துவிட்டு, பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பிரியாவிடம் பையனைக் கொடுத்தார். "எந்திரி அம்மணி. அந்த அப்பளத்தை மாட்டித் தாரேன், அதையே கொண்டு போ." அன்றைக்கே மாட்டினார். தாழுக்கு எண்ணெய் விட்டு, பத்து தடவையாவது ஒரே கையால் மடக்கிப் பார்த்துத்தான் கொடுத்தார். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

பீளமேடு விமான நிலையத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். உள்ளே போன பிரியா நின்று திரும்பினாள். பையனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். காலால் ஒரு தட்டு, கையால் ஓர் இழுப்பு, வண்டி மடங்கியது. பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"மடக்கிப்போட்டாளே!" என்று அம்மா ஓவென்று அழுதாள். அப்பா, "வேன் வெயில்ல நிக்குது, வாங்க" என்று முன்னால் நடந்தார்.

இரும்பு வண்டியை அவர் பழைய இரும்புக்குப் போடவில்லை. இப்போது அதில் கேஸ் சிலிண்டர் போகிறது, வருகிறது. சிலிண்டர்க்காரன் வந்தால், "மிதுன் வண்டிய எடுங்க" என்று அம்மா குரல் கொடுப்பாள். அப்பா தள்ளிக்கொண்டு வருவார். சிலிண்டரை உட்காரவைத்து அம்மா குழந்தைக்கென்று வைத்த பெல்ட்டைப் போட்டுவிடுவாள், விழுந்துவிடுமாம். சமையலறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இப்போது இரண்டு பேருக்கும் இரண்டு கையும் சும்மாதான் இருக்கிறது, ஆனாலும் அதை யாரும் மடக்குவதில்லை.