ஒரு நேரத்துக்கு ஒரு போன்

றஷ்மி கட்டிலுக்கடியில் தலையை நுழைத்து, பற்றரியோடு போனை ஒட்டவே வைத்துப் பார்த்தாள். 'அருகில் கருவி எதுவும் இல்லை' என்றது திரை. அந்த இல்லாத கருவியில்தான் அவளுடைய முழங்கை இடித்துக்கொண்டிருந்தது.

காலையில் தெருமுனை ட்ரான்ஸ்போமர் வெடித்ததிலிருந்து கொட்டாஞ்சேனையின் அந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் இல்லை. கட்டிலில் அவளுடைய அப்பா சவுந்தரநாயகம் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். ஒட்சிசன் மெஷின் பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு மிச்சம் என்பதைப் போனில் மட்டும்தான் பார்க்கலாம். இரத்மலானைக்குச் சிலிண்டர் எடுக்கப் போன தம்பி பிறெடி வரும்வரை தாங்குமென்றால் காத்திருக்கலாம். தாங்காதென்றால் இப்போதே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

புளூடூத்தை அணைத்துப் போட்டாள். போனையும் அணைத்துப் போட்டாள். பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகத் தேடினாள். கீழ்வீட்டுக்காரரின் ஹெட்செட், யாரோ ஒருத்தியின் கைக்கடிகாரம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இந்தச் சனியனைச் செய்தவன் கையில் கிடைத்திருந்தால் அறைந்திருப்பாள்.

"விடு புள்ள. பிறெடி வந்திருவான்," என்றார் சவுந்தரநாயகம்.

"நீங்க கதைக்காதீங்க பப்பா. மூச்சு வாங்குது."

பிறெடியே போன் எடுத்தான். "வெள்ளவத்தையில நிக்கிறன் அக்கா. காலி ரோட் அசையுதே இல்ல. எவ்வளவு காட்டுது?"

"காட்டினாத்தானே சொல்ல!"

அவனுடைய அழைப்பை வைத்துவிட்டு, பற்றரி பூட்டிக்கொடுத்த ஸப்வானைப் போனில் பிடித்தாள். அவன் ஒருகொடவத்தையில் லொறிச் சத்தத்துக்கு நடுவில் கத்தினான்.

"மிஸ், அது ஒரு நேரத்துக்கு ஒரு போனத்தான் எடுக்கும். வேற போன் ஒண்டு பிடிச்சிட்டு ஈக்குது."

"பிறெடிட போன் வெள்ளவத்தையில. வேற ஆரும் இல்ல."

"அவ்வளவு தூரத்துக்கு எடுக்காது. வீட்டுக்குள்ளதான். அண்டைக்கு உங்கட பப்பாட போன்லயும் போட்டுக் குடுத்தனே."

றஷ்மி எழுந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். போர்வைக்குள் கையை விட்டாள். போன் சூடாக இருந்தது. அவர் விடவில்லை, மூச்சுக்கே பலமில்லாத மனிதருக்கு எங்கிருந்துதான் அந்தப் பிடி வந்ததோ. பிடுங்கிப் பார்த்தாள். ஏழு சதவீதம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எப்ப இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறீங்க?"

"காலமயிருந்து."

"ஏன் சொல்லல்ல? உங்களுக்கென்ன விசரா?"

"சொன்னா வண்டியக் கூப்பிடுவாய்." ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மெஷின் ஒருமுறை இரைந்தது. "போன மாசம் ஆஸ்பத்திரியில கையைக் கட்டி வச்சாங்க. தண்ணி கேக்கவும்... ஏலாம... வாய்க்குள்ள குழாய். இனி அங்க வேணாம் புள்ள."

அவள் அதையும் மீறி ஆம்புலன்ஸுக்கு அடித்தாள். "லிபினய கியன்ன," என்று சிங்களத்தில் விலாசம் கேட்டாள் மறுமுனைப் பெண். பிறந்ததிலிருந்து இருக்கும் வீடு. அப்பாவின் விரல்கள் அவளுடைய பாவாடை நுனியைப் பற்றியிருந்தன. "ஹலோ? ஹலோ?" என்றது போன். வாய்வரை வந்த விலாசத்தை விழுங்கிவிட்டு அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

கட்டிலில் ஏறி அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பயமாக இருந்தது. அவருடைய போனை இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரிப் பிடித்தாள். ஆறு, ஐந்து என்று இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு வந்தபோது அவருடைய மூச்சு நின்றிருந்தது. மெஷின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குழாயில் காற்றும் வந்துகொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ, மின்விசிறி முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. மாடிப்படியில் பிள்ளைகள் கைதட்டிக் கூவினார்கள். பிறெடியின் அழைப்பு வந்தது.

"கரண்ட் வந்திட்டுதாம் அக்கா? நான் கொள்ளுப்பிட்டி தாண்டிட்டன். இப்ப எவ்வளவு காட்டுது?"

றஷ்மி திரையைப் பார்த்தாள்.

"ஆறு," என்றாள். "கூடிக்கொண்டு வருது."