ஆல்வீசேயின் கனம்

வெனிஸை விட்டுப் போக நாள் குறித்த அன்றே ஆல்வீசே புசெத்தோ ஒரு தேவாலய மணியின் எடைக்குக் கனத்துப் போனார். உடம்பில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டிலும் நாற்காலியும் அவரைப் பொறுத்துக்கொண்டன. வண்டிகளும் படகுகளும்தான் பொறுக்கவில்லை. பாலம் தாண்டி அக்கரை ஊரான மெஸ்த்ரேக்குப் போகிற பஸ் அவர் ஏறியதும் தரையோடு அமுங்கியது. ஓட்டுநர் மரியாதையாக இறக்கிவிட்டு, மற்றவர்களோடு நேரத்துக்குக் கிளம்பிப் போனார். செங்கல் ஏற்றுகிற படகில் ஏற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் விளிம்பைத் தொட்டதும் படகுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

போக வேண்டுமென்று அடம்பிடித்தவள் மனைவி லொரெதானா. கல்யாணமாகி வந்த நாள் முதல் மூன்றாம் மாடி. ஈரச்சுவர், குறுகிய படிகள், இப்போது இரண்டு முழங்காலும் போய்விட்டன. மகள் மிகேலா மெஸ்த்ரேயில் லிஃப்ட் வைத்த வீடு பார்த்துவிட்டாள். அங்கே துவைத்த துணி அன்றே காய்கிறதாம். ஆல்வீசே சரி என்று தலையாட்டினார், அதோடு சரி. ஆயுசு பூராவும் பெரிய கால்வாயில் பயணிகள் படகு ஓட்டியவர் அவர். ஊர் உலகமே அண்ணாந்து பார்க்கும் மாளிகைகளுக்கு நடுவே தண்ணீரையும் படகு கட்டும் கம்பங்களையும் மட்டுமே பார்த்துக்கொண்டு போய்வந்தவர்.

“பாக்காம விட்டதெல்லாம் உனக்குள்ளயே கெடக்கு, கிழவா. அதான் இந்தக் கனம். ஒரு நாள் வெளியூர்க்காரங்க மாதிரி எல்லாத்தையும் சுத்திப் பாத்துட்டு வந்துரலாம்” என்றாள் லொரெதானா.

மறுநாள் அவருக்கு ரிப்பன் வைத்த வைக்கோல் தொப்பி ஒன்று வாங்கி மாட்டிவிட்டாள். மதுக்கடை வாசலில் நின்ற பழைய தோழர் தோனி, “ஐயாவுக்கு எந்த ஊரு?” என்று கேட்க, ஆல்வீசே முகம் மாறாமல், “பதுவா ஊருங்க. இங்க நல்ல மீன் எங்க கிடைக்கும்?” என்றார். சான் மார்க்கோ தேவாலயத்தில் வரிசையில் நின்றார்கள். உள்ளே தங்கக் கூரையைப் பார்த்து ஆல்வீசேக்குக் கண் கலங்கியது. தன் முதுகுக்குப் பின்னால் இத்தனை வருஷமும் இது இருந்திருக்கிறதே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. மணிக்கூண்டின் லிஃப்ட் முனகியது, ஆனால் ஏறியது. மேலேயிருந்து தங்கள் வீட்டுத் துணிக்கொடியைக் கண்டுபிடித்தார்.

“நம்ம துணி இன்னும் காயல பாரு.”

“மெஸ்த்ரேல காயும்” என்றாள் லொரெதானா. காற்றில் அவர் தொப்பி பறக்காமல் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாக, கடலோரத்தில் இருக்கும் இரண்டு தூண்களுக்கு வந்தார்கள். முற்காலத்தில் தூக்குப்போட்ட இடம் என்பதால் உள்ளூர்க்காரர் எவரும் அவற்றின் நடுவே போவதில்லை. நாயை நடத்திக் கூட்டிப்போகிறவர்கள்கூடச் சுற்றித்தான் போவார்கள். வெளியூர்க்காரர்கள் நடுவேதான் போவார்கள்.

“இன்னைக்கு நாம வெளியூரு. நட” என்று தள்ளினாள். ஆல்வீசே கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தபோது அவர் கால்கள் கல்லில் படவில்லை; ஒரு விரல் உயரம் மேலே இருந்தார். பின்னாலேயே வந்துகொண்டிருந்த லொரெதானாவின் கால்கள் தாமாகவே திரும்பி, தூணைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போய்ச் சேர்ந்தன.

துறையில் நின்ற படகு ஆல்வீசே ஏறியபோது அசையவே இல்லை. அவள் ஒரு காலை வைத்ததும் விளிம்புவரை தாழ்ந்தது. “அம்மா, நீங்க மட்டும் இறங்கிக்கோங்க” என்றார் படகுக்காரர். திரும்பிப் போய்த் தூண்களின் நடுவே நடக்கப் பார்த்தாள். கால் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். கல்படியில் உட்கார்ந்து அழுதாள்.

“நீ போ. அங்க மிகேலா காத்துக்கிட்டிருப்பா. என்னை விடமாட்டேங்குது இந்த ஊரு.”

“போறதுக்கு ஆசைப்பட்டவ நீ. நான் போயி அங்க யார்கிட்டத் திட்டு வாங்குறது?” என்று ஆல்வீசே கை நீட்டினார்.

மெஸ்த்ரே வீட்டை மிகேலா வேறு ஒரு தம்பதிக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். ஞாயிறுகளில் அவளே பஸ் ஏறி வருகிறாள். புசெத்தோ தம்பதி கைகோத்தே வெளியே போகிறார்கள். அப்படி ஏறினால் ஊருக்குள் ஓடும் எந்தப் படகும் இரண்டு பேர் எடைக்கு மேல் தாழ்வதில்லை; ஊரை விட்டுப் போகிற பஸ் மட்டும் இன்னும் அமுங்குகிறது. வீடு திரும்பினால், ஒரு படி முன்னால் மிதந்தபடி ஆல்வீசே அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார். மூன்றாம் மாடிவரை லொரெதானாவின் முழங்கால்கள் வலிப்பதே இல்லை.