தோஸ்த் என்றால்தான் கதவு திறக்கும்

என் புருஷனைக் கட்டிலோடு கட்டிப் போட்டது நான்தான். அவருடைய பட்டாளத்து பெல்ட்டாலேயே கட்டினேன். "ஐயோ, தாலி கட்டினவனையா?" என்று வாயைப் பிளக்கிறார்கள். அன்றைக்கு முனிர்காவில் என் வீட்டுக்குள் நின்று பார்த்திருந்தால் அவர்களே ஒரு கயிறும் கொடுத்திருப்பார்கள்.

அவர் பெயர் மாசிலாமணி. வேலூர் பக்கம். ஹவில்தாராக ஓய்வு பெற்று, தலைநகரில் சாணக்யபுரியில் ஒரு பங்களா கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தார். நான் சரோஜினி நகரில் இரண்டு வீட்டில் சமையல் செய்கிறேன். ஒரே பெண் வசுமதி, ஏழாவது படிக்கிறாள். பேச்சில் தமிழ் பாதி, ஹிந்தி பாதி.

அப்பனுக்கும் மகளுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. அவர் வந்து கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து அவள் கத்துவாள்: "தம்! கோன் ஆதா ஹை?" நில், வருவது யார் என்று பட்டாளத்தில் பாரா நிற்பவன் கேட்கும் கேள்வி அது. "தோஸ்த்", சிநேகிதன், என்று இவர் சொன்னால்தான் தாழ்ப்பாள் திறக்கும். குடித்துவிட்டு வரும் நாளில் விளையாட்டு ஏது, கதவை உதைத்துக்கொண்டுதான் நுழைவார். போகப் போக எல்லா நாளும் அந்த நாளாகிவிட்டது.

ஒரு நாள் குழம்பில் உப்பில்லை என்று தட்டை வீசினார். அது குழந்தையின் நெற்றியைக் கிழித்தது, நாலு தையல். காலையில் போதை தெளிந்து அந்தத் தையலைப் பார்த்தவர், மிச்சமிருந்த மிலிட்டரி கேன்டீன் ரம்மை வாஷ்பேசினில் கவிழ்த்தார். விறைப்பாக நின்று எனக்கு உத்தரவு போட்டார்.

"மாரி, என்னை உள் ரூம்ல வெச்சுப் பூட்டு. கத்தினாலும் கெஞ்சினாலும் தொறக்காத. இது ஆர்டர்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாமேய்யா."

"பனிமலையில காவல் காத்தவன்டீ நான். இதுக்குப் போயி டாக்டரா? வெக்கக்கேடு!"

பட்டாளத்துக்காரன் வீட்டில் ஆர்டர் என்றால் ஆர்டர். பூட்டினேன். முதலில் அவருக்குக் கை நடுங்கியது. பிறகு வாந்தி, வியர்வை. மறுநாள் போய் அடுத்த நாள் மதியம், நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே யாரோடோ பேச ஆரம்பித்தார். சுவரில் ஆட்கள் ஏறுகிறார்களாம், துப்பாக்கி எங்கே என்று கேட்டார். நான் திரும்புவதற்குள் கதவு பூட்டோடு பிய்ந்து விழுந்தது.

கையில் கொசுவலை கட்டுகிற இரும்புக் கம்பி. கண்ணில் நான் யார் என்பதே இல்லை. கம்பி என் தோளில் இறங்கியது, எலும்பு முறிந்த சத்தம் என் காதிலேயே விழுந்தது. பானை உருண்டு கொதிக்கிற கஞ்சி அவர் பாதத்தில் கொட்டியது. பாவி மனுஷன், காலைக்கூட உதறவில்லை. கம்பியைப் போட்டுவிட்டு என் கழுத்தைப் பிடித்தார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வசுமதி பாய்ந்து அவர் கையைக் கடித்தாள். என்னை விட்டுவிட்டு அவளைத் தூக்கிச் சுவரோடு அழுத்தினார். குழந்தையின் கால் தரையைத் தொடவில்லை.

"தம்! கோன் ஆதா ஹை? போல்!" சொல்லு என்று உறுமினார்.

குழந்தையின் நெரிபட்ட தொண்டையிலிருந்து காற்று மாதிரி வந்தது அந்தப் பதில்: "தோஸ்த்..."

அவர் விரல்கள் தளர்ந்தன. அதற்குள் கீழ்வீட்டு சுப்பு ஓடி வந்துவிட்டான், அவனும் பட்டாளத்தில் இருந்தவன்தான். பின்னாலிருந்து முட்டியில் உதைத்துச் சாய்த்து, கட்டிலில் போட்டு மேலே உட்கார்ந்தான். "அண்ணி, கட்டுங்க, ஜல்தி!" ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. மற்றொரு கையாலும் பல்லாலும் பெல்ட்டை இழுத்துக் கட்டினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஹிந்தியில் எரிந்து விழுந்தாள். வருஷக்கணக்காகக் குடித்த உடம்பு, வீட்டில் வைத்துச் சட்டென்று நிறுத்தினால் மூளை கலங்கும், உயிரே போகும், முதல் நாளே கொண்டுவந்திருக்க வேண்டாமா, எந்த முட்டாள் பூட்டச் சொன்னது என்று கேட்டாள். "அதோ படுத்திருக்கிறாரே, அந்த முட்டாள்தான்" என்றேன். அங்கேயும் கையைக் கட்டித்தான் போட்டார்கள். ஊசி போட வந்தவரின் பல்லை உதைத்துப் பெயர்த்தார். ராத்திரி பகல் தெரியாமல் கத்தினார்.

ஒரு காலையில் தெளிந்து விழித்தார். கட்டுப் போட்ட என் தோளையும் கழுத்தில் கன்றிக் கிடந்த விரல் தடத்தையும் பார்த்தார்.

"யார்டீ அடிச்சது? பேரைச் சொல்லு, கையை ஒடிச்சுப் போடறேன்."

"உன் கைதான்யா, ஒடிச்சுக்கோ," என்றேன். "பாப்பா கழுத்துலயும் இருக்கு."

அவர் நம்பவில்லை. பிறகு தன் கையில் இருந்த சின்னப் பல் தடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திருந்திவிட்டார் என்று நினைத்தேன். எங்கே! இது பாதிதான், சில மாதம் குடிநோய் மையத்தில் தங்க வேண்டும், அங்கே பழைய பட்டாளத்துக்காரர்களும் இருக்கிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னதும் பழைய ஹவில்தார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நிறுத்தியாச்சு. நான் இன்னா பைத்தியமா? நேரா வீட்டுக்குப் போறோம்."

"அங்க சேரலன்னா நானும் பாப்பாவும் ஊருக்குப் போயிடுவோம்," என்றேன். காதிலேயே வாங்கவில்லை. டிஸ்சார்ஜ் ஆனதும் ஆட்டோவில் ஏறினார், முனிர்காவில் இறங்கினார், காலில் கட்டோடு நொண்டிக்கொண்டே மாடி ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன். கதவைத் தட்டினார்.

உள்ளேயிருந்து கரகரவென்று வசுமதியின் குரல் கேட்டது.

"தம். கோன் ஆதா ஹை?"

அவர் முகம் பூத்துவிட்டது. பார்த்தாயா என்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார். "தோஸ்த்!"

தாழ்ப்பாள் அசையவில்லை.

"தோஸ்த்தான் பாப்பா. தொற."

"ஜூட்," என்றாள் உள்ளேயிருந்து. "ஜூட் போல்றீங்கப்பா."

"அப்பனையே பொய்யன்னுறியா?" கதவில் ஓர் உதை விட்டார். இன்னொன்று. கீல் ஆணி தெறித்து என் காலடியில் விழுந்தது. உள்ளே குழந்தை வீறிட்டாள். நான் குறுக்கே பாய்ந்து கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன்.

"உதைய்யா! என்னை உதைச்சிட்டு உள்ள போ! பித்துப் புடிச்சிருந்தப்போகூட அந்த ஒத்த வார்த்தைக்குக் கையை எடுத்தியே. இப்போ தெளிஞ்சு நின்னுகினு உதைக்கிறியே, நீ மனுஷனா?"

மூன்றாவது தடவை ஓங்கிய கால் அப்படியே நின்றது. கட்டுத் துணியில் ரத்தம் ஊறியிருந்தது. அதைப் பார்த்தார். உள்ளே அழுகையைக் கேட்டார். மெல்லக் காலை இறக்கினார். என் தோளில் இடிக்காமல் குனிந்து கதவிடுக்கில் வாயை வைத்தார்.

"பாப்பா, தொறக்காத. அப்பா திரும்பி வந்து, நீ நம்பற மாதிரி சொல்ற வரைக்கும் தொறக்காத. இது ஆர்டர்."

உள்ளே மேல் தாழ்ப்பாளும் விழுகிற சத்தம் கேட்டது.

"ஷாபாஷ்," என்றார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"ஆட்டோ நிக்குதா பாரு, மாரி. டாக்டரம்மா சொன்ன அந்த எடத்துக்கே போயிடலாம்."