ஜானுவின் மார்கழிக் கஷாயம்

சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், 1967 மார்கழி முதல் தேதி, ஜானுவின் இரண்டு பாதங்களும் பனிக்கட்டியாகிவிட்டன. அன்றைக்குக் கத்தரிக்காய் விலை ஏறியிருந்ததால் தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். தை பிறந்ததும் பாதங்கள் பழையபடி சதையாகின. கூடத்தில் தேங்கிய தண்ணீரை ஜானுவே துடைத்தாள். மறு மார்கழியில் குளிர் முழங்கால் வரை ஏறியது. அதற்கடுத்ததில் இடுப்பு வரை. அவள் கணவர் ராஜகோபாலன் பூகோள வாத்தியார். துருவப் பிரதேசத்தைக் கரும்பலகையில் வரைந்தே காலம் தள்ளியவர். இந்தப் போக்கில் போனால் அடுத்தது நெஞ்சு என்று தெரிந்துகொள்ள அவருக்குப் பஞ்சாங்கம் தேவைப்படவில்லை. நெஞ்சைத் தொட்டால் ஜானு இல்லை. விடமாட்டேன் என்று மனிதர் வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஆழ்வார்பேட்டை டாக்டர், விஸ்கி கொடுங்கள் என்றார். சுக்கு, கிராம்பு, தேன் சேர்த்து, வெந்நீரில் கலந்து, சுடச்சுட. மதுவிலக்கு அமலில் இருந்த காலம். டாக்டர் சீட்டு இருந்தால் பர்மிட் உண்டு. மயிலாப்பூர் மாமி பெயரில் விஸ்கி பர்மிட்டா என்று பர்மிட் ஆபீஸில் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, அவர்களுக்கென்ன! ராஜகோபாலன் நடையாய் நடந்து வாங்கினார். சீசாவைத் துணிப்பையில் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார்.

"கர்மம், கர்மம்! இதை அக்னியில வெச்சு நன்னாக் கொதிக்க விடுங்கோ. பாதிக்குப் பாதி சுண்டட்டும். அப்பத்தான் தோஷம் போகும். இல்லேன்னா வாயில வெக்கமாட்டேன்" என்றாள் ஜானு. அவரும் மொத்தத்தையும் குமுட்டி அடுப்பில் ஏற்றிச் சுண்டக் காய்ச்சினார். ஆவி ஜன்னல் வழியாக வெளியேறியது. தெருவிலிருந்து குளிர் ஓடிவிட்டது. பஜனை கோஷ்டி சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கப் பாடியது. வேப்பமரம் மார்கழியிலேயே பூத்தது. எதிர்வீட்டு சூடாமணி வடாம் பிழிந்து காயவைத்தாள். "இன்னா சாமி, உன் தெருவாண்ட வந்தா சித்திரை மாசம் கணக்கா கீது!" என்று ரிக்‌ஷா கபாலி சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். ஜானு டம்ளர் டம்ளராகக் குடித்தாள். இடுப்புக்குக் கீழே பனிக்கட்டி அப்படியே இருந்தது.

1970 மார்கழியில் குளிர் வயிற்றைத் தாண்டி மேலே ஏறியது. ஜானு பேசினால் வாயிலிருந்து வெண்புகை வந்தது. சூடாமணி வாசலில் வந்து நின்று, "வடாம் மாவு கிளறி வெச்சுட்டேன். எப்போ கஷாயம் போடப்போறேள்?" என்று கேட்டாள். ராஜகோபாலனுக்குச் சுரீரென்றது. சரக்கெல்லாம் தெருவுக்குப் போகிறது, பெண்டாட்டிக்குக் கிடைத்தது வெறும் சுக்குத் தண்ணீர்! ஜன்னலை அடித்துச் சாத்தினார். சுக்கையும் கிராம்பையும் மட்டும் கொதிக்கவைத்து இறக்கி, தேன் விட்டு, கடைசியில் விஸ்கியை ஊற்றித் தட்டால் மூடினார். வீடெல்லாம் நெடி.

ஜானு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கொதிக்கலியே இது."

"கொதிச்சா உனக்கு ஒண்ணும் மிஞ்சாதுடி."

"நான் இப்படியே போயிடறேன். இதைக் குடிச்சுட்டுப் போய் எங்கப்பா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

ராஜகோபாலன் அதுவரை ஒரு சொட்டும் தொட்டதில்லை. டம்ளரை வாயில் வைத்துப் பாதியைக் குடித்தார். தொண்டை எரிந்து, கண்ணில் தண்ணீர் வந்தது. அது விஸ்கியால் மட்டும் வந்ததல்ல. "தோஷம்னா ரெண்டு பேருக்கும் ஒட்டட்டும். உங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ இல்லாம நான் இந்த ஆத்துல என்னடி பண்ணுவேன்? குடி."

யார் எச்சிலையும் தொடாத ஜானு, அவர் வாய் பட்ட இடத்திலேயே வாய் வைத்துக் குடித்து முடித்தாள். நெஞ்சுக்குக் கீழே பனிக்கட்டி மடமடவென்று விரிசல் விட்டது. தண்ணீர் கூடத்தை நிறைத்து, வாசல்படி இறங்கிச் சாக்கடையில் கலந்தது. அவள் கால்விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள்.

"தேன் பத்தலை" என்றாள்.

அப்புறம் பர்மிட் தேவைப்படாத காலம் வந்தது, அதுவும் போய் மறுபடி பர்மிட் வந்தது. ஒவ்வொரு மார்கழியிலும் குளிர் தவறாமல் வந்து, கணுக்காலோடு நின்றுகொண்டது. அந்த ஒரு மாதம் ஜானு உட்கார்ந்த இடத்திலிருந்தே புள்ளிக் கணக்குச் சொல்வாள். வாசலில் ராஜகோபாலன் குந்திக்கொண்டு கோலம் போடுவார். போகிறவர்கள் கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கிப் போனார்கள்.